முதல் மூன்று மாதங்களுக்கான விதி

"புதிதாகச் சேரும் மருத்துவர் உதவியாளர், முதல் மூன்று மாதங்களுக்கு, மருத்துவரும் அறையில் உடனிருக்கும்போது மட்டுமே நோயாளியைப் பார்க்க வேண்டும்." எங்கள் அறக்கட்டளை கிளினிக்கின் ஏழாவது விதி இது. எழுதியவன் நான்தான். சுகாதாரத் துறையில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனை விதி எழுதச் சொல்வது, விருந்துக்கு அழைப்பது மாதிரி.

மே இரண்டாம் தேதி ஒரு பெண் மருத்துவர் உதவியாளராக வேலையில் சேர்ந்தாள். பயிற்சிக் காலம் முழுவதும் பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் இதய அறுவைப் பிரிவில் இருந்தவள். நான் செய்தித்தாள் படிப்பதைவிட வேகமாக இ.சி.ஜி. படிப்பாள். அங்கே அவள் பார்த்த நோயாளிகள் கட்டிலில் படுத்திருந்தார்கள். சாப்பாடும் மாத்திரையும் மணியடித்தாற்போல் வந்தன. ஓசூர் ஓரத்தில் எங்களிடம் வருகிறவர்கள் அப்படியல்ல.

மருத்துவர் வாரத்தில் நான்கு நாள் கிருஷ்ணகிரி கிளைக்குப் போய்விடுவார். அந்த நாட்களில் அவள் தனியாகத்தான் பார்த்தாள். மூன்றாம் நாளே தலைமை அலுவலகத்துக்கு விதியைச் சுட்டிக் கடிதம் அனுப்பி, நகலைக் கோப்பில் வைத்தேன். என் கடமை முடிந்தது.

ஜூனில் கெலவரப்பள்ளிப் பக்கமிருந்து ஒரு தொழிலாளி வந்தார். சர்க்கரை ஏறியிருந்தது. அவள் மருத்துவரிடம் போனில் கேட்டு ஒரு மாத்திரையைக் கூட்டினாள். தமிழிலும், அவருடைய வீட்டு மொழியான தெலுங்கிலும் பொறுமையாக விளக்கினாள். சீட்டோடு அவர் என் மேசைக்கு வந்தார்.

"காலை டிபனுக்கு முன்னாடி மாத்திரையாமுங்க சார். நமக்கு இந்த மாசம் பூரா சி ஷிப்டு, நைட்டு வேலை. காலையில வூட்டுக்கு வந்தா டிபனு எங்க, கவுந்தடிச்சுப் படுக்கறதுதான்."

"மாத்திரையாவது முழிச்சிருந்து போடுய்யா."

"அது கரெக்டா போட்டுருவனுங்க. வூட்டுக்காரி விடமாட்டா."

இருவரும் சிரித்தோம். முத்திரை குத்திக் கொடுத்தேன்.

நான்காம் நாள், மதியம் கம்பெனியிலிருந்து திரும்பிய மனைவி எழுப்பியும் அவர் எழவில்லை. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டுத் தூங்கியிருந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் சர்க்கரை வெகுநேரம் அடிமட்டத்தில் கிடந்ததில் பேச்சு குழறிவிட்டது. இனி அவர் மிஷினில் நிற்க முடியாது என்றார்கள்.

"எந்த ஷிப்டுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா," என்றார் மனைவி, கிளினிக்குக்கு வந்து.

"கேக்கணும்னு எனக்குத் தெரியலக்கா," என்றாள் அந்தப் பெண்.

அவளிடம் சொல்லாததை அந்தத் தொழிலாளி என்னிடம் சொல்லியிருந்தார். அவள் அறை என் மேசையிலிருந்து பத்தடிதான். இதை அன்று நான் இருவரிடமும் சொல்லவில்லை.

இப்போது யார் வந்தாலும் அவள் முதலில் ஷிப்ட்டைத்தான் கேட்கிறாள். மருத்துவர் வழக்கம்போல வாரத்தில் நான்கு நாள் கிருஷ்ணகிரிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

"ஏழாவது விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றவும். மேற்படி ஊழியரின் முதல் மூன்று மாதங்கள் முடியும்வரை மருத்துவர் உடனிருப்பார்" என்று தலைமை அலுவலகத்திலிருந்து என் கடிதத்துக்குப் பதில் வந்தது. வந்த தேதியை மேல் மூலையில் முத்திரையிட்டுக் கோப்பில் சேர்த்தேன்: ஆகஸ்ட் மூன்று.