ஆட்டுக் கொட்டகை ஆணியில் தொங்கிய கருவி

2006-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்த நேரம். சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகள் ஞாயிறு கூட விடாமல் ஓடிக்கொண்டிருந்த சீசன். எனக்கு இருபத்து மூன்று வயது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, காது கேட்கும் கருவிகளைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் ஆறு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு, விருதுநகரை அடுத்த சூலக்கரையில் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

காது சரியாகக் கேட்காத ஏழைக் குழந்தைகளுக்கு நாங்கள் இலவசமாகக் கருவி கொடுத்திருந்தோம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அந்தக் குழந்தைகளின் வீடுகளுக்குப் போய், கருவி வேலை செய்கிறதா, குழந்தை அதைப் போடுகிறதா, புதிதாக என்ன சொல் பேசுகிறது என்று எழுதி வர வேண்டும். என் பொறுப்பில் முப்பத்தொரு வீடுகள். எந்த ஊருக்கு எந்த பஸ், எந்த இடத்தில் இறங்கி எவ்வளவு நடக்க வேண்டும், எந்த வீட்டில் நாய் உண்டு என்பது வரை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். எழுதி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆள் நான்.

என் வரிசையில் கடைசி ஊர் மெயின் ரோட்டிலிருந்து கரிசல் காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். நான் போய்ச் சேர எப்போதும் மூன்றரை மணி ஆகிவிடும். நாலரைக்குத் திரும்பி நடந்தால்தான் ஐந்தரை மணி பஸ்.

அந்த ஊரில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று. அப்பா லோடு லாரியோடு வெளியூர் போய்விடுவார். அம்மா நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். விடிவதற்குள் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது அப்பாவின் தங்கை. ஆடு வளர்ப்பவர், எட்டாவது வரை படித்தவர், வாய் கொஞ்சம் கூர்மை.

குழந்தைக்குக் கொடுத்திருந்தது அந்தக் காலத்துக் கருவி. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி, துணிப் பையில் போட்டு நெஞ்சில் வார் வைத்துக் கட்ட வேண்டும். அதிலிருந்து வயர் காதுக்குப் போகும். உள்ளே ஒரு பென்சில் செல். நாள் முழுக்கப் போட்டால் ஒரு செல் மூன்று வாரம்தான் வரும். இந்த வீட்டிலோ நான் கொடுத்துவிட்டு வந்த செல்கள் பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. இரண்டு முறை போனபோதும் குழந்தையின் நெஞ்சில் கருவி இல்லை. கேட்டால் "இப்பத்தான் கழட்டுனோம்" என்பார் அந்த அத்தை. குழந்தை பேசியதும் ஒரே சொல்தான். அத்தையைப் பார்த்து "த்தே" என்னும்.

இரண்டாவது முறை போனபோது என் நோட்டில் 'அக்கறை இல்லாத குடும்பம்' என்று எழுதினேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. மூன்று முறை போயும் உபயோகிக்கவில்லை என்று தெரிந்தால் கருவியைத் திரும்ப வாங்கி, காத்திருக்கிற அடுத்த குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டும். பேசக் கற்றுக்கொள்கிற வயது ஓடிக்கொண்டே இருக்கும், அது அடுத்த குழந்தைக்கும் ஓடும் அல்லவா? மூன்றாவது முறை போகும்போது திரும்பப் பெறும் படிவம் என் பையில் இருந்தது.

என்னைப் பார்த்ததும் அத்தை சொன்னார். "வாங்க டீச்சர். இன்னைக்கும் செல்ல எண்ணத்தான் வந்தீகளா?"

"கருவி எங்கே?"

"பத்திரமா இருக்கு."

குழந்தைக்கு நான் பேசியது கேட்கவில்லை. ஆனால் என் பையைத் தெரியும். என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. வீட்டைத் தாண்டி, உரலைத் தாண்டி, முற்றத்தின் கடைசியில் இருந்த ஆட்டுக் கொட்டகைக்கு. அங்கே சுவரில் ஓர் ஆணியைக் காட்டியது. பாலித்தீன் பையில் சுற்றி, அந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது எங்கள் கருவி.

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் மெதுவாகத்தான் பேசுவேன். படிவத்தை எடுத்து நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னேன். அத்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் போட மாட்டேன். பெத்தவ வரட்டும்."

"எப்ப வருவாங்க?"

"சீசன்லே டீச்சர். ஆறும் ஆவும், ஏழும் ஆவும். நீங்க அம்புட்டு நேரம் இருக்க மாட்டீக."

இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். மெயின் ரோட்டில் எட்டு மணிக்குக் கடைசி பஸ் உண்டு. யார் கையெழுத்துப் போட வேண்டுமோ அவரைப் பார்க்காமல் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

சும்மா இருக்கவில்லை. கருவியைத் துடைத்து, செல் மாற்றி, குழந்தைக்குக் கட்டிவிட்டேன். காதில் ஒலி விழுந்ததும் முகம் மாறியது. ஓர் ஆட்டுக்குட்டியின் வாய்க்கு நேராக நெஞ்சைக் கொண்டுபோய் வைத்து, அது கத்துவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தது. இது கருவியே போடாத குழந்தை செய்கிற காரியம் இல்லை. பெட்டியில்தான் ஒலி ஏறுகிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆறு மணி வாக்கில் அத்தை பரபரப்பாக வந்தார். "டீச்சர், கழட்டுங்க. வண்டி வந்துரும்."

"ஏன் கழட்டணும்?"

"அவ வந்து சொல்லுவா. நீங்க மொதல்ல கழட்டுங்க."

அம்மாவுக்குக் கருவி பிடிக்கவில்லை, அதனால்தான் ஒளித்து வைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். இன்று கழற்ற மாட்டேன், அம்மா நேரில் பார்க்கட்டும் என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே வேன் வந்துவிட்டது. ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். எல்லோருடைய கைகளும் முழங்கை வரை வெள்ளி பூசியது போல மின்னின. பட்டாசுக்குப் போடுகிற அலுமினியத் தூள்.

குழந்தை ஓடியது. கூட்டத்திலிருந்த ஒரு பெண் குனிந்து கைகளை விரித்தார். அடுத்த நொடி, குழந்தையின் நெஞ்சில் தொங்கிய பெட்டியைப் பார்த்தார். இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு பின்னோக்கி நகர்ந்தார்.

"வராத. வராத. அங்கனயே நில்லு."

குழந்தை நின்றுவிட்டது. அத்தனை மாதங்களில் அதுபோல ஓர் அழுகையை நான் பார்த்ததில்லை. சத்தமே வரவில்லை. அத்தை ஓடிப்போய்க் கருவியைக் கழற்றி என் கையில் திணித்தார். அதற்கு அப்புறம்தான் அந்த அம்மா குழந்தையைத் தூக்கி இறுக்கிக்கொண்டார். குழந்தையின் கன்னம் முழுவதும் வெள்ளித் தூள் ஒட்டியது.

"ஏன் இப்படிச் செய்றீங்க?" என்றேன். என் குரல் எனக்கே சிறியதாகக் கேட்டது.

"நீங்கதான டீச்சர் எழுதிக் குடுத்தீக," என்றார் அவர்.

கருவி கொடுத்த அன்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள் கொடுப்போம். எட்டு விதிகள் கொண்ட அந்தத் தாளை எழுதி டைப் செய்தவள் நான். தண்ணீர் படக் கூடாது, கீழே போடக் கூடாது என்று போகும் அந்தத் தாளில் ஏழாவது விதி: 'செல்லை நெருப்பின் அருகில் கொண்டுசெல்லாதீர்கள், வெடிக்கும்.' செல்லின் உறையில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருந்தேன். அந்தத் தாளை அத்தை வாசிக்க, அம்மா இரண்டு முறை கேட்டிருக்கிறார்.

"கம்பெனி கேட்ல எங்கள நிறுத்தி மடி வரைக்கும் தடவிப் பாப்பாக. செல்போனு, ஊக்கு, கொலுசு ஒண்ணும் உள்ள போகாது. எல்லாத்தையும் வெளியவே பொட்டில போட்டுட்டுப் போவோம். சாயங்காலம் வெளிய வந்தா மருந்து எங்கள விட்டுருமா? இந்தாங்க, பாருங்க." முந்தானையை லேசாக உதறினார். மாலை வெளிச்சத்தில் தூள் பறந்தது. மருந்து என்றால் அந்தப் பக்கம் வெடிமருந்துதான். "ரெண்டு ரூம் தள்ளி ஒரு பொம்பள பத்திக்கிட்டு ஓடியாந்தத நான் பாத்தவ. இவ ஓடி வந்து நெஞ்சோட நெஞ்சா ஒட்டுவா. நடுவுல அந்தப் பொட்டி. நான் என்ன செய்ய?"

அதனால்தான் கேட்டில் செல்போன் பெட்டி வைத்தது போல, வீட்டை விட்டுத் தள்ளி ஓர் ஆணி. காலையில் பால்வாடிக்குப் போகும்போது அத்தை கட்டிவிடுவார். மழை வந்தால் கம்பெனியை நிறுத்திவிட்டு வேன் மதியமே திரும்பிவிடும் என்பதால், இரண்டு மணிக்கெல்லாம் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். நான் போனது எப்போதும் அதற்குப் பிறகு.

"இத ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?" என்று அத்தையைக் கேட்டேன்.

"பயமா இருக்குன்னு சொன்னா வாங்கிட்டுப் போயிருவீகன்னு மதினி சொல்லக் கூடாதுன்னுட்டா. இப்ப மட்டும் என்ன, பேப்பரோடதான வந்திருக்கீக."

அம்மா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "நாத்தனாள 'த்தே'ங்கா. என்னைய இன்னும் ஒண்ணும் கூப்பிடல."

எப்படிக் கூப்பிடும்? அம்மா வீட்டில் இருக்கிற நேரம் முழுவதும் கருவி ஆணியில் இருந்தது. ஆறு மாதத்தில் அந்தக் குழந்தை தன் அம்மாவின் குரலைக் கேட்டதே இல்லை. கேட்ட முதல் சொல் 'வராத'. அதைக் கேட்க வைத்தது நான்.

ஒன்றரை வோல்ட் செல்லால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சுவிட்சைப் போடும்போது உள்ளே எழுகிற சின்னப் பொறி வெடிமருந்துத் தூளில் என்ன செய்யும் என்று என் பாடத்தில் இல்லை. எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தைரியமாகச் சொல்ல நான் யார்? வெடிமருந்தைப் பற்றி அந்த முற்றத்தில் அதிகம் தெரிந்தவர் அவர்தான். ஆனால் 'வராத' என்ற அந்த ஒரு சொல்லோடு குழந்தையை விட்டுவிட்டு பஸ் ஏறுவதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். அம்மா வேலையிலிருந்து வந்ததும் குழந்தையைத் தூக்க வேண்டும், அதை நிறுத்தக் கூடாது. பிறகு தலையோடு குளியல், வேறு சேலை. கழற்றிய துணி வெளியே வாளித் தண்ணீரில். அப்புறம் கருவி.

"தண்ணிக்கு எங்க போக? நாளு விட்டு நாளுதான் குழாயில வருது," என்றார் அம்மா. "அந்த நேரத்துல நான் குடத்தத் தூக்கிட்டுப் போனா இவ தூங்கிருவா."

அத்தை எழுந்து சேலையைச் சொருகினார். "சரி, ரெண்டு குடம் நான் எடுத்து வைக்கேன். டீச்சர் நல்லா வந்து எனக்கு ஒரு வேலையக் கூட்டிட்டீக. உங்க நோட்டுல அதையும் எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் அந்த அம்மா ஈரத் தலையோடு, மாற்றுச் சேலையில் வந்து குழந்தைக்கு எதிரே உட்கார்ந்தார். நகக்கண்களில் மட்டும் வெள்ளி போகவில்லை. அதைப் பார்த்துக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டார். நான் கருவியைக் கட்டி சுவிட்சைப் போட்டேன். குழந்தை அம்மாவிடம் போகவில்லை. அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"என்ன பேச?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

"தெனம் என்னைய ஏசுதயே, அதப் பேசு மதினி," என்றார் அத்தை.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. குழந்தை சட்டென்று திரும்பியது. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடியது. அம்மா மெதுவாக, "சாப்டியா?" என்றார். இன்னொரு முறை, "சாப்டியா?" குழந்தை ஓர் அடி வந்தது. இன்னோர் அடி. கையை நீட்டி அம்மாவின் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டது. விரலை எடுக்கவே இல்லை. அவர் அந்த விரலோடேயே திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

மெயின் ரோடு வரை அத்தை டார்ச் அடித்துக்கொண்டு துணைக்கு வந்தார். பாதி வழியில், "இதுலயும் செல்லுதான் இருக்கு டீச்சர். இத எந்த ஆணில மாட்ட?" என்றார். எட்டு மணி பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் ஏழாவது விதியை எடுத்துவிட்டு, பட்டாசு வேலை முடிந்து வருகிறவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகு குழந்தைக்குக் கருவியைக் கட்டலாம் என்று எழுதினேன். டைப் செய்வதற்கு முன் அதைக் கம்பெனிக்குப் போகிற இரண்டு அம்மாக்களிடம் வாசித்துக் காட்டினேன். பட்டாசு வேலைக்குப் போகும் வீடுகளுக்கு இனி மாலை ஆறு மணிக்கு மேல் போக அனுமதி கேட்டேன். பெண் பிள்ளை தனியாக எப்படி என்றார் பொறுப்பாளர். விடாமல் நான்கு நாள் கேட்டு அனுமதி வாங்கினேன். அப்படிப் போனதில் இன்னும் இரண்டு வீடுகளில் கருவி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. 'அக்கறை இல்லாத குடும்பம்' என்ற வரியை அடித்தேன், ஆனால் கீழே எழுத்து தெரியும்படி ஒரே கோடாக. நான் எழுதியது எனக்கு மறக்கக் கூடாது.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது அந்தக் குழந்தை வேன் நிற்கும் இடத்துக்கே வந்து என்னைப் பார்த்தது. தனக்குத் தெரிந்த ஒரு முழு வாக்கியத்தை, அம்மாவின் அதே இழுப்போடு, என்னிடம் கேட்டது: "சாப்டியா?"

இப்போது வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறேன். இன்றும் ஒரு வீட்டைப் பற்றி எதையாவது முடிவாக எழுதப் போகும்போதெல்லாம், அந்த வீட்டு ஆட்கள் வேலை முடிந்து வரும் நேரம் வரை நான் காத்திருந்தேனா என்று என்னையே ஒரு முறை கேட்டுக்கொள்ளாமல் பேனாவைத் திறப்பதில்லை.