உருவாரமாகிப்போன சிலை

தொண்ணூறுகளின் நடுவில் தாராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தேன். கோயமுத்தூரில் என் முதல் கண்காட்சி வந்தது. அதற்காக இடுப்புயரத்துக்கு ஒரு களிமண் சிலை செய்தேன். காளை உடம்பு, கழுத்தில் சட்டைக் காலர், மேலே மனித முகம். ஆதி மனிதன் பாறையில் வரைந்த காளையும், பேண்ட் போட்ட இன்றைய மனிதனும் ஒரே ஆள்தான் என்று அழைப்பிதழில் பெரிதாக எழுதியிருந்தேன். உண்மையில் எனக்கே அது விளங்கவில்லை. முகத்தை வழித்து வழித்துச் செய்ததில் கடைசியில் என் முகமே வந்து நின்றது. ஏன் என்று தெரியவில்லை.

அவ்வளவு பெரிய சிலையைச் சுட என்னிடம் சூளை ஏது? உருவாரம் செய்கிற ஒரு குயவரிடம் கொடுத்தேன். அவருக்கும் என் வயதுதான். எங்கள் பக்கம் மாட்டுக்குச் சீக்கு வந்தால் மண்ணில் மாடு செய்து கோயிலில் வைப்பதாக வேண்டிக்கொள்வார்கள். மனிதருக்கு வந்தால் மனித உருவம். அதுதான் உருவாரம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கொண்டுபோய் வைப்பார்கள்.

பொங்கல் லீவு முடிந்து போனேன். சூளை காலி.

“வாங்க வாத்தியாரே. உங்களுதை நானே கொண்டுபோய்க் கோயில்ல வெச்சுப்போட்டனுங்க,” என்றார், பெரிய உபகாரம் செய்த தோரணையில். “நாள் தவறிப்போயிருமேன்னு பாத்தேன். கண்ணும் தொறந்தாச்சுங்க.”

“அட, அது கண்காட்சிக்குங்க! வெள்ளிக்கிழமை ஆரம்பிக்குது!” என்று கத்தினேன். கத்துவது என் பிறவிக் குணம். அவர் அசரவில்லை. வேண்டுதல் இல்லாமல் ஒருத்தன் மாட்டுக்குத் தன் மூஞ்சியை வைப்பானா என்பது அவர் நியாயம்.

டெம்போவுக்குச் சொல்லிவிட்டு, அவரை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எங்கு பார்த்தாலும் மண் மாடுகள். நடுவில் நான். நெற்றியில் மஞ்சள், கழுத்தில் வாடிய மாலை, காலரில் பால் வழிந்து காய்ந்திருந்தது. ஒரு அம்மா தன் மண் பசுவைக் கும்பிட்டுவிட்டு, போகிற போக்கில் என் சிலைக்கும் ஒரு கும்பிடு போட்டார். கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கூச்சம் வந்தது, பாழாய்ப்போன சிரிப்பும் வந்தது. அங்கே நிற்பது என் சிலையா, சாமியின் சொத்தா, ஒன்றும் பிடிபடவில்லை.

“ஒரு கை புடிங்க, எடுத்துப்போடலாம்,” என்றேன்.

அவர் சிலையின் அடியில் கை கொடுத்தார். “எடுத்துக்கலாங்க, ஆரு தடுக்கறா? வேண்டுதலைச் சாமிகிட்ட மாத்திச் சொல்லோணும், அவ்வளவுதான். மாட்டுக்கு வேண்டுனீங்களா, மனுசனுக்குங்களா?”

“நான் வேண்டவே இல்லீங்க.”

“சரிங்க. அப்ப ஆருக்கு மேலுக்குச் சொகமில்லை, அதைச் சொல்லுங்க.”

ஒருவருக்கும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆறு மாதமாகச் சோறு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல், வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததை அதுவரை வேலை மும்முரம் என்றே நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மனைவி கூப்பிட்டபோதெல்லாம் எரிந்து விழுந்திருக்கிறேன்.

“எனக்குத்தானுங்க,” என்றேன்.

அவர் சிலையிலிருந்து கையை எடுத்தார். “அப்ப இருக்கட்டுங்க,” என்றார். டெம்போவைத் திருப்பி அனுப்பினோம்.