இரவல் பிள்ளைகள்

மணவாள நகரில் இருட்டோடு எழுந்து, இரண்டு பஸ் மாறி, கும்மிடிப்பூண்டி பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருவதற்குள் ஜோதிலட்சுமிக்குப் பாதி உயிர் போய்விடும். மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு, பிளஸ் டூ தொழிற்பிரிவுப் பெண்களுக்கு மழலையர் காப்பகம் நடத்தச் சொல்லித் தருவாள். அழுகிற பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, எந்த நேரத்தில் பாடுவது, எப்போது சும்மா விட்டுவிடுவது, எல்லாம் பாடம். படித்து முடித்ததும் அந்தப் பெண்கள் சிப்காட் கம்பெனி வேனில் ஏறி, கார்களுக்கு ஒயர் கட்டப் போய்விடுவார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். வருஷக்கணக்காக அவள் வளர்த்தது அந்தச் சுரைக்காயைத்தான்.

செய்முறைத் தேர்வு வந்தால் பக்கத்து அங்கன்வாடியிலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்குவாள். அங்கன்வாடிப் பூவம்மாளும் கூடவே வருவாள். கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுப்பதுபோலத்தான். தேர்வாளர் கிளம்பியதும் எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

2006 தேர்வில் மற்றப் பெண்கள் கைதட்டி, ஆடி, தொண்டை வற்றப் பாடினார்கள். குணசுந்தரி மட்டும் தரையில் உட்கார்ந்து ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து வீறிட்டுக்கொண்டிருந்த ஒரு பயல் தானாக வந்து அவள் மடியில் உட்கார்ந்தான். ஜோதிலட்சுமி அவளையே பார்த்தாள். இவளும் அடுத்த மாதம் ஒயர் கட்டத்தான் போகிறாள். இவள் ஒருத்தியாவது பிள்ளைகளோடு இருக்கட்டுமே!

பரீட்சை எல்லாம் முடிந்ததும், கால் வலியோடு அந்த ஒயர் கம்பெனிக்கே போய், குணசுந்தரிக்குப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை கிடைக்குமா என்று கேட்டாள். முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகளுக்கு ஒரு அறை வைக்க வேண்டும் என்பது சட்டம். கம்பெனியின் நல அதிகாரி ஆதிநாராயணன் அந்த அறையின் பூட்டைத் திறந்து காட்டினார். சுருட்டிய பாய், உறை பிரிக்காத பொம்மைகள்.

"இது இன்ஸ்பெக்சனுக்கு வெச்ச ரூம் டீச்சர். இங்க யாரு கொயந்தைய இட்டுனு வர்றாங்க?"

"இட்டுனு வரலாம்னு யார்கிட்டயாவது சொல்லிக்கீறீங்களா சார்?"

அவர் சிரித்தார். "அந்தப் பொண்ண ஒயர் கட்டுற லைன்ல சேரச் சொல்லுங்க. ஆனா புதன்கிழம இன்ஸ்பெக்சன் வருது. அவளையும் நாலு கொயந்தைங்களையும் ஒரு நாளு அனுப்புங்க. ஒங்களுக்குப் புண்ணியமா போவும்."

ஜோதிலட்சுமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போனது. இரவல் பிள்ளைகளை வைத்துப் பரீட்சை நடத்துகிறவள் இவரை எந்த முகத்தோடு திட்டுவது? வெட்கமாக இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

புதன்கிழமை இன்ஸ்பெக்சன் அதிகாரி வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். குணசுந்தரிக்கு மட்டும் பிள்ளைகளோடு விளையாடுவதை நிறுத்தத் தெரியவில்லை. சாப்பாட்டு வேளையில் பெண்கள் தட்டும் கையுமாக ஜன்னலில் நின்று அவளையே பார்த்தார்களாம். ஒருத்தி, பாதிச் சோற்றில் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். பிள்ளைகளோடு போயிருந்த பூவம்மாள் வந்து சொன்னாள். அதனால் என்ன? மறுநாள் குணசுந்தரி தலையில் நீலத் தொப்பி மாட்டிக்கொண்டு லைனில் நின்றாள். இவளும் போனாள் என்று ஜோதிலட்சுமி காலையிலேயே மனசைத் தேற்றிக்கொண்டாள்.

முதல் பீரியட் முடிவதற்குள் தலைமையாசிரியர் அறைக்கு அவளுக்குப் போன் வந்தது.

"இன்னா டீச்சர் இது பேஜாரு!" ஆதிநாராயணன் கத்தினார். "கம்பெனி கேட்டாண்ட பொம்பளைங்க கொயந்தைய இடுப்புல வெச்சினு நிக்கிறாங்க. நேத்து தொறந்த ரூம இன்னிக்கும் தொறன்னு சொல்றாங்க. பூட்டு ஒடையுற மாரி இருக்குது. லைன் பாதி காலி! நான் இப்ப இன்னா பண்றது?"

ஜோதிலட்சுமி ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டுக்குமே உடம்பில் தெம்பில்லை.

"ரூம் கீது, பாய் கீது சார். ஆளு ஒங்க லைன்லயே நிக்கிறா. தொப்பியக் கயட்டச் சொல்லுங்க."