கோவில்பதாகை அன்பின் விருந்தில் நான் கேட்டது

1994 அக்டோபரில், எங்கள் அம்பத்தூர் சபையின் ஆண்டு மலருக்கு, ஆராதனை முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அன்பின் விருந்தைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். ஆதி சபைகளில் ஆராதனையும் சாப்பாடும் ஒன்றாகவே நடந்தன. பிற்பாடு அப்பமும் திராட்சரசமும் பீடத்தோடு நின்றுவிட, சோறு தனியே பிரிந்துபோனது. இதெல்லாம் படித்தது. நேரில் பார்க்க, ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது நாங்கள் போய்வந்த, கோவில்பதாகைக்குப் பக்கத்திலுள்ள சின்னச் சபைக்குக் கிளம்பினேன். அங்கே விருந்தை ஆரம்பித்ததே என் அப்பாதான் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள்.

விருந்து நடக்கும் ஞாயிறு, காலை 9.10க்கு அம்பத்தூரில் மின்சார ரயில். ஆவடிக்குப் பதினைந்து நிமிடம், இரண்டு ரூபாய். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஆட்டோ, பதினைந்து ரூபாய் (இருபது கேட்டார்).

"இன்னா சார், கோயில் சாப்பாடா? லேட்டா போனா ரசம்தான் கீது" என்றார் டிரைவர்.

லேட்டாகவில்லை. முதல் பந்தியிலேயே உட்கார்ந்தேன். சாம்பார் பிரமாதம். கை கழுவியதும், சமையலைப் பார்த்துக்கொண்டிருந்த கிரேஸ் என்ற பெண்ணிடம் அப்பா பெயரைச் சொன்னேன்.

கரண்டியைக் கீழே வைத்தார். "ஆரம்பிச்சாரு, சரி. நிறுத்துனதும் அவருதான் சார்."

எனக்குப் புரியவில்லை.

"அதுவரிக்கும் குவார்ட்டர்ஸ்காரங்கதான் பரிமாறுவாங்கோ. காலனில கீற நாங்க வெளியதான் துன்னுவோம். எழுபத்தஞ்சாம் வருசம் எங்கம்மா எஸ்தர் சாம்பார் வாளிய தூக்கிகினு உள்ள வந்தாங்கோ. உங்கப்பா எலைய மூடிட்டு எந்திரிச்சாரு. பின்னாடியே நாலு குடும்பம் எந்திரிச்சுது. அப்பால பத்து வருசம் இங்க சோறே பொங்கல."

நான் அப்போது தாம்பரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம்தான் நாங்கள் அம்பத்தூருக்குக் குடிமாறினோம். தண்ணீர்க் கஷ்டம் என்று சொன்னார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. "அம்மா இருக்காங்களா?" என்றேன்.

"போய் ரெண்டு வருசம் ஆச்சு."

மாலை வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் நேரடியாகக் கேட்டேன். "எஸ்தர். நல்லா சமைப்பாங்கன்னு கேள்வி" என்றார். அவ்வளவுதான். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். மலரில் போடவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபரில் அறுப்பின் பண்டிகை ஞாயிறு, பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். சமைத்தவர்கள் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவார்கள். பசி பொறுக்குமென்றால் காத்திருந்து அவர்களோடு உட்காருங்கள். எனக்கு அன்று அது தோன்றவில்லை.