சாரலில் காய்ந்த துண்டு

காரை நிறுத்திவிட்டு இறங்கியதும் நான் அதை ஒருமுறை வலம் வருவேன். ஐம்பதைத் தாண்டிய மனிதன் சொல்லிக்கொள்ளக் கூடிய விஷயமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முன்விளக்குகளையும் பின்விளக்குகளையும் குனிந்து பார்ப்பேன். வெயிலாக இருந்தால் கையைக் குவித்து வைத்து, உள்ளே ஒளி மிச்சமிருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பேன். வீட்டுப் படி ஏறிய பிறகு சந்தேகம் வந்து திரும்பி இறங்குவதும் உண்டு. இத்தனைக்கும் இப்போதைய வண்டி, விளக்கை எரியவிட்டுக் கதவைத் திறந்தாலே மணியடிக்கிற ரகம். எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் இந்தப் பிரதட்சிணத்தைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு ஒருநாள் பவ்யமாகக் கேட்டார்:

"அண்ணாச்சி, வண்டிக்குள்ள எந்த சாமிய வச்சிருக்கீய?"

வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்பது பற்றிக்கூட எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. என் கார் விளக்கு அணைந்துவிட்டதா என்பதில்தான் இன்றுவரை உறுதியான அபிப்பிராயம் கிடையாது. காரணம், ஒன்பது வயதில் குற்றாலத்தில் நான் வாங்கிய ஓர் அறை.

அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, அப்போது ஒரு பழைய அம்பாசிடர் வைத்திருந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்பார். ஆனால் விளக்கு இலாகாவை மட்டும் என்னிடம் ஒப்படைத்திருந்தார். டாஷ்போர்டில் ஒரு குமிழ். ஒருமுறை இழுத்தால் சின்ன விளக்கு, இன்னும் கொஞ்சம் இழுத்தால் பெரிய விளக்கு. தரையில், கிளட்சுக்குப் பக்கத்தில், காலால் அமுக்குகிற ஒரு பொத்தான். அமுக்கினால் வெளிச்சம் தாழும், மறுபடி அமுக்கினால் உயரும். எதிரே வருகிறவர் கண் கூசாமலிருக்கத் தாழ்த்த வேண்டும் என்பது விதி. மாமா அதில் ஒரு திருத்தம் செய்திருந்தார்.

"எதிர்த்தாப்ல வாறவன் தாழ்த்துனாத்தாம்லே நாம தாழ்த்தணும். நாம என்ன எளக்காரமா?"

எதிரே வருகிறவர்களும் அதே கொள்கைக்காரர்களாக இருந்தபடியால், செங்கோட்டைச் சாலையில் மாமாவும் அவர்களும் ஒருவர் கண்ணை ஒருவர் பறித்தபடியே கடந்துபோனார்கள். இடப்பக்கத்து இன்டிகேட்டர் எரியாது. அந்தப் பக்கம் திரும்பும்போது ஜன்னல் வழியாக நான் கையை நீட்ட வேண்டும். நானே ஒரு விளக்காகப் பணியாற்றியிருக்கிறேன் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை.

ஆனால் மாமாவின் வேதத்தில் மன்னிப்பே இல்லாத பாவம் ஒன்று இருந்தது. "வெளக்க எரியவிட்டு எறங்குனன்னு வையி, பேட்டரி செத்துரும். பேட்டரி செத்தா வண்டி பொணம். பொணத்தத் தள்ளத்தான் செய்யணும்." அந்த வண்டி எதற்கும் மணியடிக்காது. நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆனி மாதம் சித்திக்கு ஓர் இடம் வந்தது. சித்தி அம்மாவின் தங்கை, கல்லூரியில் பௌதிகம் இரண்டாம் வருஷம். வீரகேரளம்புதூர்க்காரர்கள், நல்ல நிலபுலன், மாப்பிள்ளை போலீசில் புதிதாக சப்-இன்ஸ்பெக்டர். ஒரே ஒரு நிபந்தனை: படிப்பை நிறுத்திவிட வேண்டும். சித்தி மாமாவிடம் கெஞ்சினாள். அம்மாவிடம் அழுதாள். இரண்டு நாள் சாப்பிடாமலும் இருந்து பார்த்தாள். "போலீஸ்காரன் வீட்டுல போயி என்னத்தட்டி பௌதிகம் பண்ணப்போற?" என்றார் மாமா. அவ்வளவுதான் விவாதம்.

பெண் பார்ப்பது குற்றாலத்தில். சீசன் நேரத்தில் எங்கள் பக்கம் இது ஒரு வசதி. இரண்டு குடும்பமும் குளிக்க வந்ததாகவும், தற்செயலாகச் சந்தித்ததாகவும் வைத்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் குளித்த மிச்சமாவது இருக்கும். பிடித்துவிட்டால், அன்றைக்கே மாமா மாப்பிள்ளை வீட்டாரைக் காரில் ஏற்றிக்கொண்டு வீரகேரளம்புதூருக்குப் போய், ராகுகாலத்துக்கு முன் பூ வைத்து உறுதி செய்துவிடுவதாக ஏற்பாடு. நாலைந்து நாளில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யாரும் பேச்செடுக்க மாட்டார்கள், அதற்குள் எவனாவது கலைத்துவிடுவான் என்று மாமாவுக்குப் பயம்.

காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். ஒரு விடுதியின் பக்கவாட்டுச் சந்தில், மதில் சுவரை முட்டுகிற மாதிரி மாமா வண்டியை நிறுத்தினார். அவரும் நானும் அருவியில் நனைந்துவிட்டு வந்தோம். பிறகு மாப்பிள்ளை வீட்டாரைத் தற்செயலாகச் சந்திப்பதற்காக அவர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். அம்மா பெண்கள் பக்கம் குளிக்கப் போனாள். அலங்காரம் கலையக் கூடாது என்று சித்தியைக் காரிலேயே உட்கார்த்திவைத்தார்கள். குரங்குகள் உள்ளே புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள நான்.

முன் சீட்டில் பட்டுப்புடவையில் உம்மென்று உட்கார்ந்திருந்த சித்தி, திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, இதுல வெளக்கு எப்பிடிப் போடணும்? ஒனக்குத் தெரியும்லா?"

அதுவரை என் துறை பற்றி யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் உடம்பெல்லாம் புல்லரித்துப்போய் பாடம் நடத்தினேன். குமிழை இழுத்துக் காட்டினேன். தாழ்த்துவது, உயர்த்துவது, மாமாவின் திருத்தம், என் கை இன்டிகேட்டர், ஒன்றையும் விடவில்லை. சித்தி கண்களை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். விளக்கை மறந்துவிட்டால் பேட்டரி சாகும் என்ற இடம் வந்தபோது, "அப்பிடியா? நெசமாவா சொல்லுத?" என்று கன்னத்தில் கை வைத்தாள். பேட்டரி என்றால் என்ன என்றுகூட விளக்கினேன். பௌதிகம் இரண்டாம் வருஷத்துக்கு!

பிறகு, வாய் கசக்கிறது, போய் நாலு மங்குஸ்தான் வாங்கி வா என்று அனுப்பினாள். வாங்கினேன். வரும் வழியில் ஒன்றைத் தின்றேன். மூன்றோடு திரும்பி வந்தபோது சித்தி வண்டிக்கு வெளியே நின்றிருந்தாள். எங்கள் ஈரத் துண்டுகளைக் காரின் முன்பக்கம், இரண்டு விளக்குகளின் மேலும் விழும்படி, விளக்குக்கு ஒன்றாகக் காயப் போட்டிருந்தாள். அப்போது பொடிப்பொடியாகச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. சாரலில் எவளாவது துணி காயப் போடுவாளா என்று எனக்குத் தோன்றவில்லை. சித்தி மங்குஸ்தான்களை எண்ணிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அந்த நல்ல குணத்தில் நான் நெகிழ்ந்துபோனேன்.

மதியம் தற்செயல் சந்திப்பு நடந்தது. எல்லோருக்கும் எல்லாம் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை சித்தியை இரண்டு தடவை பார்த்துச் சிரித்தார். மதியச் சாப்பாடு, வெற்றிலை, பழைய உறவுமுறை ஆராய்ச்சி எல்லாம் முடிந்து, பூ, தேங்காய், பழத்தட்டோடு சாயங்காலத்துக்குச் சற்று முன்னால் வண்டிக்கு வந்தோம். அம்மா துண்டுகளை எடுத்து மடித்தவள், "பாரேன், இந்தச் சாரலுக்குள்ளயும் நடுவுல மட்டும் நல்லாக் காஞ்சிருக்கு" என்று ஆச்சரியப்பட்டாள். மாப்பிள்ளையின் அப்பா முன் சீட்டில் சம்பிரமமாக அமர்ந்தார். மாமா சாமியை நினைத்துச் சாவியைத் திருகினார்.

'கிர்' என்றது. பிறகு 'டக்' என்றது. பிறகு ஒன்றும் இல்லை.

மறுபடி திருகினார். 'டக்'. மாமாவின் முகம் விபூதி பூசாமலே வெளுத்தது. மாப்பிள்ளை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, டாஷ்போர்டைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்:

"லைட் ஸ்விட்ச் வெளிய இழுத்திருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊருக்கே தெரிந்த என் புகழ் அப்படி. மாப்பிள்ளை என் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவருக்கும் அது ஆரம்பகால வழக்குகளில் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

"தம்பி, வண்டிக்குள்ள யாரு இருந்தா?"

"நான். அப்புறம் சித்தி."

சித்தியைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டு, விசாரணையை என் பக்கமே தொடர்ந்தார்.

"ஸ்விட்சத் தொட்டியா?"

"தொட்டேன்."

"திரும்ப உள்ள தள்ளுனியா?"

தள்ளினேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு போலீஸ்காரர் கண்ணுக்கு நேராகப் பார்த்துக் கேட்கும்போது தள்ளியது போலவும் இருந்தது, தள்ளாதது போலவும் இருந்தது. "தெரியலையே" என்றேன். முடிப்பதற்குள் மாமாவின் கை வந்து விழுந்தது. காதுக்குள் அருவி கொட்டியது. மாமா அதுவரை என்னை அடித்ததே இல்லை. அறை விழுந்த அந்தக் கணத்தில், விளக்கை எரியவிட்டது நான்தான் என்று எனக்கே நிச்சயமாகிவிட்டது.

அப்புறம் நடந்ததை நான் ஒரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். சந்திலிருந்து வண்டியைப் பின்னுக்கு இழுத்துச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். மாமா ஸ்டியரிங்கில். பக்கத்தில் பெரியவர், இறங்கச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. மாப்பிள்ளையும் வழியில் போன நாலு பேரும் தள்ளினார்கள். சரிவு வந்ததும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, கரும்புகையைக் கக்கிக்கொண்டு பாய்ந்தது. முதுகு கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, பட்டு வேட்டியோடு சகதியில் மல்லாந்தார்.

நிறுத்தினால் வண்டி மறுபடி செத்துவிடும் என்று மாமாவுக்குப் பயம். ஆகவே நிறுத்தவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவை மட்டும் ஏற்றிக்கொண்டு தென்காசிச் சாலையில் மறைந்தார். பெரியவரின் கை ஒன்று ஜன்னலுக்கு வெளியே ஆடியதை நான் பார்த்தேன். இடப்பக்கம்தான். பழக்க தோஷத்தில், 'வண்டி இடப்பக்கம் திரும்புகிறது' என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா பழத்தட்டை எங்கள் அம்மாவின் கையில் கொடுத்தாள். "மொத மொத ஏறி ஒக்காந்த வண்டியே பொணமாக் கெடந்துச்சு. இது சரியா வராது தாயி." அதோடு முடிந்தது. சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றும் எழுத முடியாது. சித்தியின் வாழ்க்கையை அணைத்துவிட்ட பாவி நான். அன்று முதல் வலம் வருகிறேன்.

சித்தி படிப்பை முடித்தாள். பௌதிக ஆசிரியை ஆனாள். பிறகு ஆய்க்குடிக்காரரான ஒரு சாதுவான சித்தப்பாவைக் கட்டிக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தாள். ஆனாலும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கன்னம் லேசாகச் சுடும்.

இந்த சீசனில் அவளை என் புதிய காரில் ஐந்தருவிக்கு அழைத்துப் போனேன். சாரல் மூட்டமாக இருந்ததால் விளக்கைப் போட்டிருந்தேன். நிறுத்திக் கதவைத் திறந்ததும், 'டிங், டிங்' என்றது.

"என்னலே, கத்துது?"

"விளக்கை அணைக்கலன்னு சொல்லுது சித்தி." குமிழைத் திருகி அணைத்துவிட்டு, பாடம் நடத்துகிற பழைய வியாதி தலைதூக்கியதால் மேலும் சொன்னேன். மூடுபனிக்குத் தனி விளக்கு. நாலு ஓரமும் சேர்ந்து மினுக்கினால் வண்டி பழுது, விலகிப் போ என்று அர்த்தம், நம் ஊரில் மட்டும் அதற்கு நேராகப் போகிறேன் என்று அர்த்தம். சித்தி கண்களை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கோ பார்த்த கண்கள்.

"நல்ல வேளலே" என்றாள். "அன்னைக்கு அண்ணன் வண்டியில இப்பிடி ஒரு மணி இருந்திருந்தா, நான் காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கிட்டுக் கெடந்திருப்பேன்."

எனக்கு விளங்கவில்லை.

"நாந்தாம்லே இழுத்துவிட்டேன். நீ ஒழுங்கா உள்ள தள்ளிட்டுத்தான் எறங்குன."

அருவிச் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. "அந்தத் துண்டு?" என்றேன்.

"பின்ன? வெளிச்சம் செவத்துல அடிச்சாத் தெரிஞ்சிராதா?"

"பேட்டரியப் பத்தி உங்களுக்குத்தான் தெரியுமே. அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்டீங்க?"

"பேட்டரி தெரியும். வண்டியில எது வெளக்குக் குமிழுன்னு காலேஜ்ல சொல்லிக்குடுத்தாகளாக்கும்?"

அப்படியானால் முந்தானைக்குள் அந்தத் தோள்கள் குலுங்கியது அழுகையில் இல்லை. நான் பாடம் நடத்திய பெருமையில் மிதந்துகொண்டிருந்தபோது, பக்கத்து சீட்டில் ஒருத்தி தன் விலங்கின் பூட்டை எனக்கு முன்னாலேயே தடவிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒன்பது வயதுக்கு அது தெரியவில்லை. ஐம்பதுக்கு மேலும் தெரியவில்லை, ஒரு கார் மணியடித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"அடி வாங்குனது நான், சித்தி!"

"மங்குஸ்தான் நாலு வாங்கிட்டு மூணு கொண்டாந்தேல்லா. அதுக்குன்னு வச்சிக்கோ."

இறங்கினேன். என்ன செய்வதென்று தெரியாமல், முன்பக்கம் போய்க் குனிந்து, கையைக் குவித்து விளக்கைப் பார்த்தேன். அடுத்த விளக்குக்கு நகர்ந்தேன். குடையை விரித்துக்கொண்டு சித்தி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, இன்னும் என்னத்துக்குச் சுத்துத? அதான் நாந்தான்னு சொல்லிட்டேம்லா."