மாமி வீட்டு மொட்டை மாடியும் என் தோட்டப் படிப்பும்

செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையில் உள்ள பெரிய கஷ்டம், செடி வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாது, மற்ற எல்லோரும் சொல்லுவார்கள். ஜன்னலில் ஒரு ரோஜாத் தொட்டி வைத்துவிட்டு, அக்கம்பக்கத்தில் சொன்னதையெல்லாம் கேட்டு அதைச் சாகடித்த அக்காமார் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொந்தச் செடியைச் சாகடித்தீர்கள், நான் அடுத்தவர் செடியைச் சாகடித்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர்க்காரப் பொண்ணு

நான் மும்பைத் தாராவியில் பிறந்தவள், திருநெல்வேலி என் அப்பா அம்மாவின் ஊர். ஐந்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். நாங்கள் குடியிருக்கிற கோலி ஒரே அறை. அடுப்பு, பாத்திரம் கழுவுகிற மோரி, படுக்கை எல்லாம் அதற்குள்தான். மண் என்று நான் பார்த்தது, ரோட்டில் பைப் போடக் குழி தோண்டும்போதுதான். கல்யாணமாகி ஹர்ஷினி பிறந்த பிறகு வேலைக்குப் போகலாம் என்று பார்த்தால், எல்லா இடத்திலும் பிள்ளையைக் கூட்டிவராதே என்றார்கள். தையல் பட்டறையில் மெஷின் இருக்கிறது என்றார்கள். பாத்திரம் தேய்க்கப் போன வீட்டில் சோபா இருக்கிறது என்றார்கள். என் வீட்டுக்காரர் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. பால்வாடியிலும், இரண்டரை வயசுதானே, மூன்று ஆகட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் பக்கத்துக் கோலி இசக்கியக்கா, அவள் இட்லி மாவு கொண்டுபோய்க் கொடுக்கிற மாட்டுங்கா மாமி வீட்டைப் பற்றிச் சொன்னாள். பழைய பில்டிங், லிஃப்ட் கிடையாது. மாமி வீட்டுக்கு மேலே மொட்டை மாடி முழுக்கத் தொட்டிகள். மாமிக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால் பரவாயில்லை என்று மாமியே சொன்னாராம். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஆனால் செடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதே, அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் போய் நின்றேன். புது ஆள் முன்னால் எனக்குச் சட்டென்று வாய் வராது. அதற்குள் மாமி ஆரம்பித்துவிட்டார். "திருநெல்வேலிதானேம்மா நீ? உங்க பக்கமெல்லாம் வயல்லயே பொறந்து வயல்லயே வளர்றவாளாச்சே! உனக்கு நான் என்னத்தச் சொல்லித்தரப் போறேன், நீதான் எனக்குச் சொல்லித்தரணும்."

துளசியின் பக்கம் போகாதே

ஆனாலும் மாமி ஒன்றே ஒன்றைச் சொல்லித் தந்தார். மாதத்தில் அந்த நாட்களில் மற்றச் செடிகளுக்கெல்லாம் தண்ணீர் விடலாம், துளசியின் பக்கம் மட்டும் போகக்கூடாது. போனால் துளசி வாடிவிடும். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு, மாமாவை மேல அனுப்பறேன்" என்றார். மாமா என்றால் மாமியின் கணவர். ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டு எப்போதும் உட்கார்ந்திருப்பார். மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம் வேறு. மெதுவாகச் சொன்னால் கேட்காது. சத்தமாகச் சொன்னால் மாமாவுக்கும் கேட்கும், பேப்பரை இறக்கிப் பார்ப்பார். நீங்களே சொல்லுங்கள், எப்படிச் சொல்வது?

நான் சொல்லவில்லை. துளசியைத் தொடவும் இல்லை. மே மாத வெயில், மொட்டை மாடி, சின்னத் தொட்டி. மற்றதெல்லாம் பச்சையாக நிற்க, துளசி மட்டும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கீழே கொண்டுவந்து காட்டினேன். மாமி துளசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. வேலை போயிற்று என்று ஹர்ஷினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றேன். மாமா பேப்பரை இறக்கிப் பார்க்கிற அளவுக்கு மாமி கத்தினார். "ஒண்ணு, வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். இல்லையா, பேசாம தொட்டுத் தொலைச்சிருக்கணும். ரெண்டும் பண்ணாம துளசியைக் கொன்னுட்டு நிக்கறியேடி!"

கறிவேப்பிலைக்கு வைத்தியம்

நல்லவேளை, வேலை போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு இலை பழுத்தாலும் பக்கத்தில் போய்ப் பார்த்துக்கொண்டே நிற்பேன். இன்னொன்று செத்தால் நானும் பிள்ளையும் எங்கே போவது? கறிவேப்பிலை குச்சி குச்சியாக நின்றது. இசக்கியக்காவிடம் அழாத குறையாகக் கேட்டேன். அக்கா மோரிப் பக்கம் உட்கார்ந்து பாங்டா மீன் அலசிக்கொண்டிருந்தாள். "இதுக்கா கண்ணக் கசக்குத? இந்தா, இந்தத் தண்ணிய ஊத்திப் பாரு, எப்படித் தழைக்குன்னு" என்று அலசின தண்ணீரையே பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். நானும் கொண்டுபோய் ஊற்றினேன். தினமும் ஊற்றினேன்.

தழைத்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே தழைத்தது. கூடவே பில்டிங்கில் இருந்த பூனை எல்லாம் மேலே வந்து தொட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. கொத்தாகப் பறித்துக் கொடுத்த இலையை மாமி ரசத்தில் போட்டார். சாப்பிட உட்கார்ந்த மாமா, ரசத்தில் ஏதோ வாடை வருகிறது என்று தட்டைத் தள்ளி வைத்தார். முட்டைகூட உள்ளே வராத வீடு. நான் மாடிக்கு ஓடி, மேல் மண்ணை எல்லாம் வழித்துப் பையில் கட்டி, திரும்பிப் போகிற வழியில் குப்பையில் போட்டேன். வீட்டுக்கு வந்து இசக்கியக்காவிடம் சண்டைக்கே போனேன். அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு சொன்னாள், "அடிப்பாவி! அது மாமி வீட்டுச் செடின்னு நீ சொல்லவே இல்லியேட்டி, நான் ஒன் வீட்டுச் செடின்னுல்லா நெனச்சேன்!"

என் வீட்டில் எங்கே அக்கா செடி?

மாலியின் விரல்

மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் தள்ளுவண்டியில் செடி விற்கிற மாலி, அதாவது தோட்டக்காரன், ஒருவன் இருக்கிறான். உத்தரப் பிரதேசத்துப் பையன், என் வயசுதான் இருக்கும். மாமிகளுக்கு விற்று விற்றுப் பாதித் தமிழ் பேசுவான், என்னை மட்டும் பாபி என்பான், அவர்கள் பாஷையில் அண்ணி. புதுத் துளசி அவனிடம்தான் வாங்கியது. தண்ணீர் குறைந்ததால்தானே துளசி போயிற்று என்று, அதற்குப் பிறகு நான் எல்லாத் தொட்டிக்கும் தளும்பத் தளும்ப ஊற்றினேன். மழைக்காலம் வந்தது. மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். சிரிக்காதீர்கள். தினமும் ஊற்றத்தானே என்னை வைத்திருக்கிறார்கள்? வந்து சும்மா திரும்பிப் போனால், இவள் எதற்கு என்று தோன்றிவிடாதா?

செம்பருத்தியின் இலை மஞ்சளாகி, ஒரு நாள் தண்டு கையோடு வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் முந்தானையில் மறைத்து மாலியிடம் கொண்டுபோனேன். அவன் வேரை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். மண்ணில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும், ஈரம் ஒட்டினால் ஊற்றக்கூடாது என்று என் விரலைப் பக்கத்துத் தொட்டியில் விடச் சொல்லிக் காட்டினான். பிறகு தண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பாபி, இது தண்ணி இல்லாம மரா நஹீ, சாகல. தண்ணியில முங்கி மர் கயா, செத்துப்போச்சு" என்றான்.

கிள்ளிட்டேன்

விரலை விட்டுப் பார்த்து ஊற்ற ஆரம்பித்த பிறகு செடிகள் பிழைத்தன. மாலி இன்னொன்றும் சொல்லித் தந்தான். துளசியில் கதிர் வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் பக்கத்தில் கிளை விடும். இந்த வேலை ஹர்ஷினிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தக் குட்டி விரலால் ஒவ்வொரு கதிராகக் கிள்ளி என் கையில் கொடுப்பாள், நான் "சமத்து" என்பேன். ஒரு வேலையில் நிலைத்துவிட்டேன், பிள்ளையும் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்கு முதல்முதலாக நிம்மதி வந்தது அப்போதுதான்.

மாமியிடம் ஒரு பிரம்மகமலம் இருந்தது. வருஷத்தில் எப்போதாவது ஒரு பூ, அதுவும் ராத்திரியில்தான் விரியும், விடிந்தால் தொங்கிவிடும். அந்தப் பூ விரிவதைப் பார்க்க உறவுக்காரர்களைக் கூப்பிடுவது அந்த வீட்டு வழக்கம். இந்தத் தடவை ஒரே ஒரு மொட்டு. அது தலையை நிமிர்த்திவிட்டது என்று நான் சொன்னதும், மாமி வலிக்கிற காலோடு படி ஏறி வந்து பார்த்தார். "இன்னிக்கு விரிஞ்சுடும்!" டோம்பிவிலிக்கும் செம்பூருக்கும் போன் போயிற்று. கேசரி கிண்டினார். மத்தியானம் நான் தொட்டியைத் தூக்கிவந்து ஹாலில் வைத்தேன், மாமி அதைச் சுற்றிக் கோலம் போட்டார். சிந்தின மண்ணைப் பெருக்க நான் படிக்குப் போன நேரம், மாமி அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால், ஹர்ஷினி இரண்டு கையிலும் மொட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். "கிள்ளிட்டேன்மா" என்றாள். சமத்து என்று சொல்லுவேன் என்று என் முகத்தையே பார்த்தாள்.

மாமி திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, "இல்லை, இன்னிக்குப் பூக்காது. இல்லை, நாளைக்கும் பூக்காது" என்றார். பிறகு ஒரு கிண்ணத்தில் கேசரி போட்டு, பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து ஸ்பூனால் ஊட்டினார். கிண்ணம் காலியானதும் அவள் வாயைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார், "நாளைலேர்ந்து நீ மட்டும் வாம்மா."

இந்த மும்பையில் செடியை எப்படி வளர்ப்பது என்று சொல்லித்தரத் திரும்பின பக்கமெல்லாம் ஆள் இருக்கிறது, அந்த நேரத்தில் பிள்ளையை எங்கே விடுவது என்று சொல்லித்தரத்தான் இதுவரை ஒருத்தரும் அகப்படவில்லை.