கொக்கி போடாத கடிதம்

போன வாரம் என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. முழுக்கக் கேள்விக்குறிகள். நடுவில் ஒரே ஓர் எண், கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி. யாரோ வங்க மொழியில் அனுப்பியிருக்கிறார்கள், வழியில் எங்கேயோ எழுத்தெல்லாம் உதிர்ந்துவிட்டது. பணம் கட்டச் சொல்கிறார்களா, தண்ணீர் வராது என்கிறார்களா, பூஜை வாழ்த்தா, ஒன்றும் தெரியவில்லை. எண்ணைப் பார்த்தால் தேதி மாதிரி இருந்தது. அழிக்கலாமென்று விரலை வைத்தேன், மனம் வரவில்லை. கொல்கத்தாவில் கரியாஹாட் மேம்பாலத்துக்குக் கீழே பேருந்துக்காக நின்றவன், வந்த பேருந்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் கணினிக்கும் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. ஆனால் சாப்பாடு போடுகிறதென்பதற்காக அதைப் பாராட்ட வேண்டுமென்று கட்டாயமில்லையே. அவசரமாக ஒரு கடிதம் அச்செடுக்கப் போனால்தான் அதற்குத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஆசை வரும். கடவுச்சொல்லில் பெரிய எழுத்து இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் மனிதன்தான் என்று நிரூபிக்க, படத்தில் எத்தனை கட்டத்தில் போக்குவரத்து விளக்கு இருக்கிறதென்று எண்ணிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதில் இது எனக்குத் தேவையா என்று தினமும் ஒருமுறையாவது தோன்றும். இதெல்லாம் எரிச்சல், அவ்வளவுதான். கேள்விக்குறி மட்டும் எனக்கு எரிச்சல் இல்லை. அதைப் பார்த்தால் அப்பா ஞாபகம் வந்துவிடும்.

அப்பாவுக்குக் கேள்விக்குறி பிடிக்காது. கார்டன் ரீச் ரயில்வே தலைமை அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் ஆங்கிலத்தில் கோப்பு எழுதியவர். ஆங்கிலத்தில் எல்லாக் குறியும் அச்சுப் பிசகாமல் போடுவார். தமிழில் மட்டும் போடமாட்டார். "தமிழ்ல 'ஆ'ன்னு இழுத்தாலே கேள்விதான. அதுக்கு மேல எதுக்குலே ஒரு கொக்கி" என்பார். திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனை வருடமானாலும் அந்த 'லே' அவரை விடவில்லை. இந்தக் கட்டுரையிலும் அவர் பேசும் இடங்களில் நான் கொக்கி போடவில்லை. அச்சுக்குப் போகும்போது யாரும் திருத்திவிட வேண்டாம்.

அம்மா தொண்ணூற்றெட்டு கார்த்திகையில் போனாள். அதற்குள் அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கரியாஹாட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறைகளுக்கு வந்திருந்தோம். அப்பா, அக்கா, நான். அக்கா கணினி படித்தவள். அவள் படித்தது ஒரு பழைய மொழி. அதைக் கற்றுக்கொடுத்த வாத்தியாரே இது இனி உதவாது என்று சொல்லித்தான் கற்றுக்கொடுத்தாராம். ஆனால் இரண்டாயிரம் பிறக்கப்போகிறது, கணினிகளுக்கெல்லாம் தேதி குழம்பி, வங்கியும் விமானமும் நின்றுவிடும் என்று உலகம் பயந்த நேரம் அது. பழைய மொழி தெரிந்தவர்களை அமெரிக்காவில் அள்ளிக்கொண்டு போனார்கள். அக்காவையும் கூப்பிட்டார்கள். உடனே வந்து சேர வேண்டும், ஒரு வாரம்கூடப் பொறுக்க முடியாது என்றார்கள். அம்மாவின் முதல் வருடத் திதிக்கு அப்போது ஒரு மாதம் இருந்தது.

அக்கா போகிறேன் என்றாள். அப்பா கத்தவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அவள் பெட்டியின் மேல் வைத்தார். அவள் அதை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு ஹவுரா ரயில் நிலையத்துக்கு டாக்ஸி பிடித்தாள். டெல்லி போய் அங்கிருந்துதான் விமானம். டாக்ஸி கிளம்பிய பிறகு அப்பா என்னிடம் சொன்னார்: "தேதியத் திருத்தப் போறவளுக்குத் திதி ஞாபகம் இல்ல, பாத்தியா." அதற்கப்புறம் இரண்டு வருடம் அவளிடம் அவர் பேசவில்லை.

இரண்டாயிரம் பிறந்தது. ஒன்றும் நிற்கவில்லை. காலையில் அப்பா குழாயைத் திறந்து பார்த்தார், தண்ணீர் வந்தது. வானொலியைத் திருகினார், பாடியது. "எல்லாம் ஓடத்தான செய்யுது" என்றார். அவ்வளவு வருத்தமாக யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அக்காவை அங்கே ஓர் ஊரில் மூன்று மாதம், இன்னோர் ஊரில் நான்கு மாதம் என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நிலையான முகவரி கிடையாது. மின்னஞ்சல்தான் முகவரி. எனக்கு அப்போது கிதிர்பூரில் ஒரு கப்பல் சரக்கு ஏஜென்டிடம் வேலை. அலுவலகத்தில் ஒரு கணினி இருந்தது, ஆனால் இணையம் இல்லை. ஆகவே சனிக்கிழமை மதியங்களில் தபன்தாவின் இணையக் கடை. அது முன்பு தையல் கடையாக இருந்தது. ஆளுயரக் கண்ணாடியை அவர் கழற்றவில்லை, நாலு கணினிகள் எட்டாகத் தெரியும். சூடான பிளாஸ்டிக் வாடை, நனைந்த குடைகளின் வாடை, மூலையில் கொசுவத்தி. மோடம் கீச்சிட்டு, இருமி, ஒரு வழியாகத் தொடர்பு கிடைத்தால் தபன்தா "ஹோயே கேச்சே!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார். ஆகிவிட்டதாம். அடுத்த நிமிடம் மின்சாரம் போகும்.

அக்கா எழுதியதை நான் வீட்டில் சுவருக்குச் சொல்வேன். சாப்பிட்டுக்கொண்டே, "அங்கே பனி கொட்டுதாம். மோர்மிளகா வேணுமாம்" என்பேன். அப்பா தட்டை விட்டு முகத்தைத் தூக்கமாட்டார். ஆனால் ஒரு சனிக்கிழமை நான் ஒன்றும் சொல்லாவிட்டால், "ஏல, அந்த டப்பாவுல இன்னிக்கு ஒண்ணும் இல்லியா" என்பார். பெயரைச் சொல்லமாட்டார்.

இரண்டாயிரத்து ஒன்றில் அங்கே கணினிக் கம்பெனிகள் கவிழ்ந்தன. அக்காவுக்கு வேலை போயிற்று. தோழி வீட்டில் சோபாவில் படுத்துக்கொள்வதாக எழுதியிருந்தாள். அதையும் சுவருக்குத்தான் சொன்னேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். மூன்று நாள் கழித்து, துர்கா பூஜைக்கு முந்தைய வாரம், நாலு பக்கம் எழுதி என் கையில் கொடுத்தார்.

"இத அவளுக்கு அனுப்பு."

நான் பெரிய புத்திசாலி மாதிரி, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பிவிடுகிறேன், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன்.

"வேண்டாம். நான் எழுதினபடியே அவ பாக்கணும்."

அந்தக் காலத்தில் கணினியில் தமிழ் என்பது பெரும்பாடு. ஆளுக்கொரு எழுத்துரு, ஒன்றில் அடித்தது இன்னொன்றில் தெரியாது. விசாரித்து, தெரிந்தவர் ஒருவரிடமிருந்து ஃபிளாப்பியில் ஓர் எழுத்துருவை வாங்கினேன். தபன்தா அந்த ஃபிளாப்பியை வைரஸ் இருக்குமோ என்று முகர்ந்தே பார்த்தார். விசைகளில் எந்த எழுத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டும் தாளை மடியில் வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தேன். 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். ஒரு வரிக்கு ஐந்து நிமிடம், அந்த வாரம் தினமும் மாலையில் போய் உட்கார்ந்தேன். முதல் தடவை பாதியில் மின்சாரம் போயிற்று. இரண்டாம் தடவை திரை நீலமாகி, எனக்குப் புரியாத ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு நின்றுபோயிற்று. மூன்றாம் தடவை, சனிக்கிழமையன்று, முடித்தேன். திரையில் அப்பாவின் கடிதம் அழகாக நின்றது. பொத்தானை அழுத்தினேன். அனுப்பப்பட்டது என்று கணினி சொன்னது, நான் நம்பி, தாள்களை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தனியாக ஒரு பிரதி சேமித்து வைக்க வேண்டுமென்று தோன்றவே இல்லை. இன்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் ஓயாமல் ஓதுவது அது ஒன்றைத்தான்.

அந்தச் சனிக்கிழமையோடு கடை மூடப்பட்டது. பூஜைப் பந்தலின் மூங்கில்கள் நேராகக் கடை வாசலில் வந்து நின்றன. சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கடையும் பூட்டு. பந்தல் பிரிந்து, லக்ஷ்மி பூஜையும் முடிந்துதான் தபன்தா கதவைத் தூக்கினார். முதலில் அப்பா பதில் வந்ததா என்று தினமும் கேட்டார். நாலாம் நாளிலிருந்து கேட்பதை நிறுத்திக்கொண்டார். அதை நான் கவனிக்கவில்லை. ஊரே விளக்கும் மேளமுமாக இருந்தது, நானும் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கடை திறந்ததும் ஓடினேன். பதில் வந்திருந்தது, நான் அனுப்பிய நாலாம் நாளே. ஆங்கில எழுத்தில் தமிழ்: "என்னலே இது? வெறும் கேள்விக்குறியா வந்திருக்கு. வைரஸா? எல்லாரும் நல்லா இருக்கீங்கள்ல?" அதற்குக் கீழே, நான் அனுப்பியது அப்படியே ஒட்டியிருந்தது. பக்கம் பக்கமாகக் கேள்விக்குறிகள். சொல்லுக்குச் சொல் இடைவெளி சரியாக இருந்தது, முற்றுப்புள்ளிகள் தப்பியிருந்தன. நடுவில் ஓர் எண் தப்பியிருந்தது. வழியில் எந்த இயந்திரத்துக்கோ தமிழ் தெரியவில்லை. தெரியாத எழுத்துக்கெல்லாம் கொக்கி போட்டு அனுப்பியிருந்தது.

அங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். அப்பாவுக்கு விளக்கிக் காட்டலாமென்று அதை அச்செடுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஒரு வரிகூட விடவில்லை.

"நான் எழுதினதுக்கெல்லாம் ஒண்ணுவிடாமக் கொக்கி போட்டு அனுப்பியிருக்கா" என்றார்.

"இல்லப்பா, இது நீங்க எழுதினதுதான். போற வழியில கம்ப்யூட்டர் மாத்திட்டு."

"நாலு பக்கத்த முழுங்கிட்டுக் கொக்கியாத் துப்புமாலே அது. உலகத்துத் தேதியையே சரி பண்ணின கம்ப்யூட்டர்."

"சத்தியமாப்பா. அந்தத் தாளைக் குடுங்க, படமா எடுத்து அனுப்புதேன்."

"கிழிச்சுப் போட்டாச்சு. பத்து நாளா பதில் இல்லன்னா என்ன அர்த்தம். அக்காவக் காப்பாத்தணும்னு கம்ப்யூட்டர் மேல பழி போடாத."

நான் பிறந்ததிலிருந்து அவரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் நம்பினார். உண்மையைச் சொன்ன அன்று நம்பவில்லை. எனக்கே சொல்லும்போது பொய் மாதிரித்தான் இருந்தது.

கீழ் வீட்டில் மாஷிமா என்று நாங்கள் அழைத்த வங்காளி அம்மாவின் தொலைபேசிக்கு அக்கா கூப்பிட்டபோது நடந்ததைச் சொன்னேன். பிறகு கேட்டாள்: "நடுவுல ஒரு நம்பர் இருந்துச்சே தம்பி, அது என்னது?"

"அம்மா திதி வர்ற தேதி."

"அப்பாவக் கூப்பிடு" என்றாள். மாடிப்படி ஏறிப்போய்க் கூப்பிட்டேன். "முட்டு வலிக்கு, எறங்க முடியாது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று காலையில்தான் லேக் மார்க்கெட் வரை நடந்துபோய்க் கறிவேப்பிலை வாங்கி வந்திருந்தார். மறுபடியும் எழுதிக் கொடுங்கள் என்று இரண்டு முறை கேட்டேன். "ஒரு தடவதான் எழுத வரும்" என்றார். மூன்றாம் முறை கேட்கலாம் என்றிருந்தேன். அம்மாவின் திதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அக்கா மூன்றாம் நாள் வந்தாள். எல்லாம் முடிந்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். கேட்டாள்.

"அப்பா என்னலே எழுதியிருந்தாங்க?"

மூன்று முறை உட்கார்ந்து கையால் தட்டியவன் நான். என்னால் சொல்ல முடியவில்லை. கொம்பு எங்கே, கால் எங்கே என்று தேடித் தேடித் தட்டினேனே தவிர, வரியாக ஒன்றையும் படிக்கவில்லை. எழுத்துதான் கண்ணில் பட்டது. திதியின் தேதி ஞாபகம் இருந்தது. இன்னொன்று ஞாபகம் இருந்தது: க, கால், புள்ளி வைத்த க, மறுபடி க, மறுபடி கால். அது மட்டும் விரலில் நின்றது. "அங்க காக்கா உண்டா" என்று ஒரு வரி. கொக்கி இல்லாமல். அவளால் வர முடியாவிட்டால், இருக்கிற இடத்தில் ஒரு பிடி சோறு வைக்கச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. போலிருக்கிறது என்றுதான் சொல்ல முடிகிறது. கோபம் தீர்ந்தது என்று எழுதினாரா, வீட்டுக்கு வா என்று எழுதினாரா, மன்னித்தாரா, மன்னிப்புக் கேட்டாரா, எதுவும் எனக்குத் தெரியாது. இதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வாய்த்ததில்லை.

தபன்தா கடை இப்போது கைபேசி உறை விற்கும் கடை. கண்ணாடியையும் கழற்றிவிட்டார்கள். அந்த ஃபிளாப்பி எங்கே போயிற்றோ, இருந்தாலும் அதைப் போட்டுப் பார்க்க ஒரு கணினி கிடையாது. அந்த எழுத்துருவை யாரும் பயன்படுத்துவதில்லை. தமிழ் இன்று எந்தக் கைபேசியிலும் தட்டினால் வருகிறது, போய்ச் சேருகிறது, யாருக்கும் அது அதிசயமில்லை. என் பழைய மின்னஞ்சல் கணக்கை, சில மாதங்கள் நான் திறக்காததால், மூடிவிட்டார்கள். உள்ளே இருந்ததெல்லாம் போயிற்று. அச்செடுத்த தாள்களை அப்பா என்ன செய்தாரென்று தெரியவில்லை. எழுத்துகள்தான் போயின என்றால், அவற்றுக்குப் பதிலாக வந்த கேள்விக்குறிகளும் இன்று என்னிடம் இல்லை.

அக்கா அங்கேயே இருந்துவிட்டாள். வருடா வருடம் அம்மா திதிக்கும் அப்பா திதிக்கும் பின்கட்டு வேலிமேல் சோறு வைத்துப் படம் அனுப்புவாள். கறுப்பாக ஏதோ ஒரு பறவை வரும். படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுவாள், இப்போது தமிழிலேயே. இந்த வருடமும் வந்தது.

"வேற ஏதும் ஞாபகம் வந்துச்சாலே"

இப்போதெல்லாம் அவளும் கொக்கி போடுவதில்லை. "இல்லக்கா" என்று அனுப்பினேன்.